பேர்ணடெற் தெரிவுசெய்த கார்

கொட்டாஞ்சேனையில் பேர்ணடெற்றைத் தெரியாதவர்களுக்குக்கூட அவளுடைய காரைத் தெரியும். சாம்பல் நிற லான்சர், கையால் கியர் மாற்றுகிற பழைய ரகம். காலை எட்டு மணிக்கு ஜம்பட்டா வீதியில் லொறியும் கைவண்டியும் முச்சக்கரவண்டியும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அவள் ஹோர்ன் அடிக்க மாட்டாள், ஒருவரையும் முறைக்க மாட்டாள். கிடைத்த இடைவெளிக்குள் காரை நுழைத்து மற்றப் பக்கத்தால் வெளியே வந்துவிடுவாள். செருப்பைக் கழற்றி ஸீற்றுக்குக் கீழே தள்ளிவிட்டு வெறுங்காலோடுதான் கார் ஓடுவாள். "கிளச் எந்த இடத்தில பிடிக்குதெண்டு உள்ளங்காலுக்குத் தெரியவேணும்" என்பாள்.

ஐம்பத்தைந்து வயது. கோட்டையில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தில் ஆவணப் பிரிவில் வேலை. லீவு கிடைத்தால் கடுகண்ணாவை, ஹட்டன், கினிகத்தேனை என்று வளைவுகள் உள்ள பாதையாகப் பார்த்துப் போய்விட்டு வருவாள். போன ஊரில் என்ன பார்த்தாய் என்று கேட்டால் ஒன்றும் சொல்லத் தெரியாது. போன பாதையைக் கேட்டால் சொல்லி முடியாது.

அதைக் கேட்க ஒரு ஆள் இருந்தார். அவளுடைய புருஷன் மெல்ரோய். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஒரேயொரு தடவை பழகப் போய், பழக்கியவருடைய வீட்டுக் கேற்றையே இடித்துச் சாய்த்துவிட்டு வந்தவர். துறைமுகக் களஞ்சியத்தில் முப்பத்திரண்டு வருடம் எழுதுவினைஞராக இருந்தார். பெண்சாதி கார் ஓட, பக்கத்தில் மடியில் கை வைத்துக்கொண்டு இருக்கிற மனுசன் என்று சிநேகிதர்கள் பகிடி பண்ணுவார்கள். அவர் கோபித்ததே இல்லை. "நீங்க எல்லாம் ஸ்ரேரிங்கைப் பிடிச்சுக்கொண்டு லொறிக்காரனோட சண்டை பிடிக்கிறீங்க. நான் கடலைப் பாத்துக்கொண்டு போறன்" என்பார்.

அவர்கள் சந்தித்ததும் ஒரு காருக்குள்தான். தொண்ணூற்றைந்தின் தொடக்கம், சமாதானப் பேச்சு நடந்த அந்தச் சில மாதங்கள். செக்பொயின்ற்கள் கொஞ்சம் தளர்ந்திருந்தன. துறைமுகக்காரரும் கப்பல் கொம்பனிக்காரரும் சேர்ந்து ஒரு கார் றாலி வைத்தார்கள். ஒவ்வொரு காருக்கும் துப்பு எழுதிய ஒரு பேப்பர். அதை வாசித்து வழி சொல்ல ஒரு ஆள். பேர்ணடெற் தகப்பனுடைய மொறிஸில் வந்திருந்தாள். சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கு விழுந்தவர் மெல்ரோய். அவர் சொன்ன திருப்பம் எல்லாம் பிழை. கோட்டே பக்கம் போகவேண்டியவர்கள் கொலன்னாவையில் எண்ணெய்த் தாங்கிகளின் வேலிக்கு முன்னால் போய் நின்றார்கள்.

"பேப்பரைப் பாக்காம எங்க பாத்துக்கொண்டு வந்தீங்க?" என்று அவள் கத்தினாள்.

"உங்கட கையை" என்றார் மெல்ரோய். "கியர் மாத்தேக்க அது ஒரு அவசரமும் இல்லாமப் போய் வருது."

கடைசியாக வந்து சேர்ந்தது அவர்களுடைய கார்தான். அடுத்த வருடம் புனித லூசியாள் பேராலயத்தில் கலியாணம். பிறகு ஒரு மகள், டெனிஷா; அவள் வளர்ந்து மெல்பேர்ணுக்குப் போய்விட்டாள்.

இருமல் வந்தது இரண்டாயிரத்து இருபத்திமூன்றில். வறட்டு இருமல். மருந்துக் கடைப் பாணி குடித்து மூன்று மாதம் போனது. பிறகு படம் எடுத்துப் பார்த்த டொக்டர், நுரையீரல் மெல்ல மெல்ல இறுகிக்கொண்டு வருகிறது, இறுகியது திரும்ப இளகாது என்றார். களஞ்சியத்துத் தூசியா காரணம் என்று பேர்ணடெற் கேட்டாள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். அடுத்த வருடக் கடைசியில் ஒக்சிஜன் மிஷின் வீட்டுக்கு வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, காற்றை இழுத்து, குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். கரண்டில் ஓடுகிற மிஷின். கரண்ட் நின்றால் மாற்றுவதற்கு ஒரு சிறிய சிலிண்டர்.

இரண்டாயிரத்து இருபத்தைந்து பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுக்கக் கரண்ட் போனது. மிஷின் நீளமாக ஒரு முறை கூவிவிட்டு நின்றது. பேர்ணடெற் சிலிண்டருக்கு மாற்றினாள். ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம். சிலிண்டரின் அளவு முள் இறங்கிக்கொண்டே வந்தது. மேல்வீட்டுப் புளோறன்ஸைக் கூப்பிட்டு மெல்ரோய்க்குப் பக்கத்தில் இருத்திவிட்டு, இன்னொரு சிலிண்டர் தேடி லான்சரை எடுத்தாள். சிக்னல் விளக்குகள் எல்லாம் அணைந்து கிடந்த கொழும்பில் மருதானை வரைக்கும் போய் வந்தாள். வாழ்க்கையில் அவ்வளவு வேகமாகவும் அவ்வளவு சரியாகவும் ஓடியதில்லை. வந்து சிலிண்டரை மாட்டினாள்.

"எந்தப் பக்கத்தால போனாய்?" என்று மெல்ரோய் கேட்டார்.

"ஞாபகம் இல்ல."

வெறும் சிலிண்டரைக் கொண்டுபோய் வாசலில் வைத்தாள்.

அதற்குப் பிறகு லான்சரும் ஒத்துவராமல் போனது. பெற்றோல் மணம் அவருக்கு இருமலைக் கிளப்பியது. கிளினிக்கால் வரும்போது ஒரு நாள் புஞ்சிபொரளைச் சந்தியில், முன்னால் நின்ற பஸ்ஸின் புகை உள்ளே வந்து, அவருடைய உதடு நீலமாகிவிட்டது. நடு வீதியில் என்ஜினை நிறுத்தி, அவருடைய முதுகைத் தடவிக்கொண்டு இருந்தாள். பின்னால் எல்லாரும் ஹோர்ன் அடித்தார்கள்.

"எலக்ரிக் ஒண்டு எடுப்பமா?" என்று அவர்தான் முதலில் கேட்டார். "வெளிநாட்டால வாகனம் திரும்ப இறக்கத் தொடங்கியிட்டாங்கள்தானே. என்ர சேமலாப நிதி சும்மாதானே கிடக்கு."

அவளுக்கு எலக்ரிக் காரைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இல்லை. கியர் இல்லாத, சத்தம் இல்லாத ஒன்றை ஓடுவதும் லிஃப்றில் நிற்பதும் ஒன்றுதான் என்று ஒஃபிஸில் சொல்லித் திரிந்தவள். ஆனால் மே மாதம் ஒரு சனிக்கிழமை இருவருமாக வெள்ளவத்தையில் ஒரு ஷோறூமுக்குப் போனார்கள். மெல்ரோய் கையில் கொண்டுபோகிற சின்னச் சிலிண்டரோடு வந்தார். விற்பனைக்கு நின்றவன் பிரியந்தன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மரியாதையாகக் கதைப்பான். அவன் முதலில் காட்டியது கருஞ்சிவப்பில், தரையோடு பதிவாக இருந்த ஒரு கார்.

"இது பின் சில்லுத் தள்ளுற கார், அன்ரி. ஓடிப் பாருங்கோ, நான் ஒண்டும் சொல்லேல்லை."

மெல்ரோய் சிலிண்டரைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு இடப்பக்கம் ஏறினார். பிரியந்தன் பின்னால். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பேர்ணடெற் மரைன் டிரைவில் இறங்கினாள்.

முதல் நூறு மீற்றரிலேயே தான் சொல்லித் திரிந்தது பிழை என்று அவளுக்கு விளங்கிவிட்டது. காலை வைத்த அந்தக் கணமே கார் போனது. காலை எடுத்தால் பிறேக் பிடிக்காமலே அடங்கியது. ஒரு பாதத்தாலேயே வேகத்தைக் கூட்டிக் குறைத்து, பம்பலப்பிட்டிப் பக்கம் அந்தச் சின்ன வளைவில் விட்டபோது, பின்பக்கம் இலேசாக அழுத்தி, வா என்று கூட்டிக்கொண்டு போனது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வலப்பக்கம் கட்டடங்கள், இடப்பக்கம் ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

சின்னதாக, ஈரச் சருகை மிதிப்பதுபோல. இழுக்கும்போது ஒரு முறை, விடும்போது ஒரு முறை. கார் புதிது, ஏதோ உரசுகிறது என்று முதலில் நினைத்தாள். காதைக் கொடுத்தாள். அது கார் இல்லை, மெல்ரோய். வீட்டில் மிஷின் சத்தத்துக்குள்ளும் லான்சரில் என்ஜின் சத்தத்துக்குள்ளும் மறைந்துபோய் இருந்த அவருடைய மூச்சு. இவ்வளவு மோசம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் கடலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு இருந்தார்.

"நல்லா இருக்கு என்ன, பேர்ணி? அந்த வளைவில எனக்கே விளங்கிச்சு."

அவள் ஓம் என்றாள். காரைத் திருப்பிக்கொண்டு ஷோறூமுக்கு வந்து, இறங்க முதலே பிரியந்தனிடம் கேட்டாள்.

"தம்பி, இதில இருந்து வீட்டுச் சாமானுக்குக் கரண்ட் எடுக்கலாமா?"

"இதில ஏலாது, அன்ரி. அந்த வெள்ளைக் காரில எடுக்கலாம். சார்ஜ் பண்ணுற இடத்தில ஒரு பிளக்கைக் கொழுவினா ஃபான், பிறிஜ், எல்லாம் ஓடும்."

"ஒக்சிஜன் மிஷின்?"

பிரியந்தன் மெல்ரோயைப் பார்த்தான். பிறகு குரலைத் தணித்து, "மூண்டு நாலு நாள் ஓடும், அன்ரி" என்றான்.

வெள்ளைக் காரையும் ஓடிப் பார்த்தாள். உயரமானது, அகலமானது, மெத்தைபோல மெதுமெதுவென்று இருந்தது. ஸ்ரேரிங்கைத் திருப்பினால் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பியது. திரும்பி வந்ததும் வெள்ளைக் காருக்கு ஓடர் எழுதச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்தார்கள். கதவைத் திறந்து, மிஷினைப் போட்டு, குழாயை மாட்டிய பிறகு மெல்ரோய் சொன்னார்:

"அந்தக் கார் வேண்டாம். எனக்காக நீ கார் வாங்காத. நான் இருக்கப்போறது கொஞ்ச நாள்."

"கொஞ்ச நாளுக்கும் மூச்சு விடவேணும்தானே."

"முப்பது வருசம் நீ ஓடுறதைப் பாத்தனான். இண்டைக்குச் சிவப்புக் காரில உன்ர முகத்தைப் பாத்தனான். வெள்ளைக் காரிலயும் பாத்தனான்."

"நீங்க என்ர முகத்தைப் பாக்காதேங்க. பேப்பரைப் பாருங்க" என்று அவள் பகிடியாகச் சொல்லப் பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, ஒஃபிஸில் இருக்கும்போது பிரியந்தன் கோல் எடுத்தான்.

"அன்ரி, அங்கிள் கோல் எடுத்தவர். ஓடரைச் சிவப்புக் காருக்கு மாத்தச் சொன்னவர். உங்களுக்குத் தெரியும் எண்டும் சொன்னவர். எனக்கு மனதுக்கு ஒரு மாதிரிக் கிடந்தது. அதுதான் கேக்கிறன்."

பேர்ணடெற் எழும்பி, ஃபோனோடு ஜன்னல் பக்கம் போனாள். மெல்ரோய் ஒரு வசனத்தை முடிக்க இரண்டு முறை மூச்சு எடுக்கவேண்டிய காலம் அது. அவ்வளவையும் சொல்லி முடிக்க எத்தனை தரம் நிறுத்தி நிறுத்திக் கதைத்திருப்பார்.

"மாத்தவேண்டாம் தம்பி" என்றாள். "அங்கிளிட்ட ஒண்டும் சொல்லவும் வேண்டாம்."

ஒஃபிஸ் கழுவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிவிட்டு வந்து, மத்தியானக் கப்பலுக்குரிய பத்திரங்களை அடித்து முடித்தாள். ஓகஸ்ட் மாதம் கார் வந்து வீட்டு வாசலில் நின்றபோது மெல்ரோய் ஜன்னலால் எட்டிப் பார்த்தார். வெள்ளை. கோபம் இல்லை என்று காட்டுவதற்காகவோ என்னவோ, கீழே இறங்கி வந்து பிளக் எங்கே என்று காட்டச் சொன்னார். லான்சரைக் கொலன்னாவையில் ஒரு கராஜ்காரர் எடுத்துக்கொண்டு போனார். அவர் அதை வெளியே எடுத்த விதத்தில் கியர் கிரீச்சிட்டது. பேர்ணடெற் உள்ளே போய்விட்டாள்.

வெள்ளைக் காரில் மெல்ரோயைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனாள். வத்தளையில் அவருடைய தமக்கை வீட்டுக்குக் கொண்டுபோனாள். காக்கைதீவுக் கடற்கரையில் கண்ணாடியை இறக்கிவிட்டு இருந்தார்கள். அவர் இருமவில்லை. காருக்குள் அந்த மூச்சுச் சத்தம் எப்போதும் இருந்தது. முதலில் றேடியோவைப் போட்டு மூடப் பார்த்தாள். பிறகு மூடவில்லை.

"நீ இப்ப சும்மா ஓடுறாய். முந்தி ஓடினாய்" என்று ஒரு நாள் நீர்கொழும்பு வீதியில் சொன்னார்.

"குலுங்கினா உங்களுக்குக் கஷ்டம்."

"எனக்குக் கஷ்டம் எல்லாம் குலுங்காமலே வருது."

நவம்பர் கடைசியில் புயல் வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் கரண்ட் போனது. களனி பெருகி வத்தளைப் பக்கமும் கொலன்னாவைப் பக்கமும் வெள்ளத்துக்குள் போய்விட்டதாக றேடியோவில் சொன்னார்கள். மிஷின் கூவி நின்றபோது பேர்ணடெற் ஓடவில்லை. சிலிண்டரை மாட்டிவிட்டு, மழைக்குள் இறங்கி, காரில் அடப்டரைக் கொழுவி, நீளமான வயரை ஜன்னலால் மேலே எடுத்தாள். பத்து நிமிடம். மிஷின் மறுபடி உறுமத் தொடங்கியது.

மூன்று நாள் அப்படியே ஓடியது. புளோறன்ஸ் தன்னுடைய ஆஸ்துமா மிஷினைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தாள். எதிர்வீட்டுச் சிங்களப் பிள்ளை கதவில் தட்டி, "அக்கே, போன் எக சார்ஜ் கரகண்ண புளுவந்த?" என்று சிங்களத்தில் ஃபோனைச் சார்ஜ் பண்ணக் கேட்டாள். வந்தவர்களுக்கெல்லாம் மெல்ரோய் கட்டிலில் இருந்தபடியே, இது கார்க் கரண்ட், பேர்ணி முதல்லயே யோசிச்சு எடுத்தவ என்று மூச்சுக்கு மூச்சு நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாரும் போன பிறகு அவளிடம், "நீ செய்ததுதான் சரி" என்றார்.

அவர் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவளுக்கு இருந்தது. சிவப்புக் காருக்காகச் சண்டை பிடித்த மனுசன், இப்போது பிளக்குக்கு நன்றி சொல்கிறார். அந்த மனுசன் எங்கே போனார்?

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மழை விட்டது. காருக்குள் போய் இருக்கவேண்டும் என்றார் மெல்ரோய். புளோறன்ஸும் அவளும் இரண்டு பக்கமும் பிடித்து இறக்கினார்கள். மிஷினைப் பின் ஸீற்றில் வைத்தாள். வயர் பூட்டியிருந்ததால் காரை அசைக்க முடியாது. ஒழுங்கைக்குள் நின்றபடியே இருவரும் முன்னால் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். கண்ணாடிக்கு முன்னால் புளோறன்ஸின் காயாத உடுப்புக் கொடி.

"எங்க போறம்?" என்று கேட்டார்.

"கடுகண்ணாவை."

"மண் சரிஞ்சு மூடிக் கிடக்காம்."

"அப்ப எங்க போவம்?"

மூச்சு இழுத்தது, விட்டது.

"இதிலயே நிப்பம்" என்றார்.

ஜனவரி இருபதாம் திகதி, ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணிக்கு அவள் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தபோது மெல்ரோய் போய்விட்டிருந்தார். கரண்ட் இருந்தது. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. குழாய் மூக்கில் சரியாகத்தான் இருந்தது. கீழே கார் முழுச் சார்ஜில் நின்றது. எல்லாம் வேலை செய்துகொண்டிருந்தது. அவள் தேத்தண்ணீரை மேசையில் வைத்துவிட்டு மிஷினை நிறுத்தினாள். மேல்வீட்டில் புளோறன்ஸின் குசினித் தண்ணீர் விழுகிற சத்தம்கூடக் கேட்டது.

மகள் டெனிஷா மெல்பேர்ணில் இருந்து வந்து, மாதாம்பிட்டிச் சேமக்காலையில் அடக்கம் முடிந்து, முப்பத்தோராம் நாள் பூசைவரைக்கும் நின்றாள். போகமுதல் சொன்னாள்:

"மம்மி, இந்தக் காரைக் குடுத்துட்டு அந்த மற்றதை எடுங்க. டடா எனக்குக் கோல் பண்ணிச் சொன்னவர், மம்மிக்கு அதுதான் விருப்பமெண்டு. இனி இந்தப் பிளக் எதுக்கு?"

சரியான கதைதான். மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை பேர்ணடெற் வெள்ளவத்தைக்குப் போனாள். பிரியந்தன் ஓடி வந்தான். அவளுடைய கறுப்புச் சீலையைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டான். பிறகு, "அங்கிள்..." என்று தொடங்கி முடிக்காமல், சிவப்புக் காரின் சாவியை எடுத்துக் கொடுத்தான். இந்த முறை அவன் இடப்பக்கம் ஏறினான்.

கார் அதே மாதிரித்தான் இருந்தது. காலை வைத்தவுடன் போனது, எடுத்தவுடன் அடங்கியது. பம்பலப்பிட்டி வளைவில் விட்டாள். பின்பக்கம் அழுத்திக் கூட்டிக்கொண்டு போனது. கை பிழைக்கவில்லை. எல்லாம் தெரிந்த கை. வளைவு முடிந்ததும் அவள் இடப்பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். பிரியந்தன் ஃபோனில் ஏதோ பார்த்துக்கொண்டு இருந்தான். அவள் காரைத் திருப்பினாள்.

"மாத்திற எண்டாச் சொல்லுங்கோ அன்ரி, நல்ல விலைக்கு எடுத்துத் தாறன்" என்றான் இறங்கும்போது.

"சொல்லுறன் தம்பி."

வெள்ளைக் காரில் வீட்டுக்கு வந்தாள். அடுத்த நாள் டெனிஷா கோல் எடுத்தாள்.

"ஓடிப் பாத்தீங்களா மம்மி?"

"பாத்தன்."

"எப்படி இருந்திச்சு?"

பேர்ணடெற் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். "பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு சின்ன வளைவு இருக்குதானே, அதில காலை எடுக்காம விட்டனான். அப்ப பின்பக்கம்..." என்று தொடங்கினாள். மற்றப் பக்கத்தில் டெனிஷா கடையில் காசு கட்டுகிற இடத்தில் நின்றிருக்க வேண்டும். யாரிடமோ ஆங்கிலத்தில், பை வேண்டாம் என்று சொல்வது கேட்டது. பிறகு, "ஆ, சொல்லுங்க மம்மி, பின்பக்கம்?" என்றாள்.

"நல்ல கார்தான்" என்றாள் பேர்ணடெற். "இருக்கட்டும் பிள்ளை, பிறகு பாப்பம்."

புளோறன்ஸை வத்தளையில் தங்கச்சி வீட்டில் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லியிருந்தாள். அவள் கீழே வெள்ளைக் காருக்குப் பக்கத்தில் பையோடு காத்துக்கொண்டு நின்றாள். பேர்ணடெற் ஃபோனை வைத்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.